சிக்கனம் கற்ற மழைக்காலம்

நம் வயதுக்காரர்களுக்குப் புதிதாக ஒரு வேலை கிடைத்திருக்கிறது. பேரன் பேத்திகளின் செலவைக் கண்காணிக்கும் வேலை. சம்பளம் கிடையாது, அதிகாரம் மட்டும் உண்டு. போன மாதம் பழைய பள்ளித் தோழர்கள் எல்லாரும் கூடினோமே, அன்று உங்களில் ஒருவர் எழுந்து ஒரு சங்கதி சொன்னார். பதினைந்து வயதுப் பேத்தியின் கைப்பேசியை வாங்கி, அவள் பேக்கரியிலும் டீக்கடையிலும் கொடுத்த காசை எல்லாம் வீட்டில் விருந்தாளிகள் முன்னால் உரக்க வாசித்துக் காட்டினாராம். அந்தப் பெண் சாப்பாட்டை விட்டு அழுதுகொண்டே எழுந்து போனதாம். "அதுக்கப்புறம் ஒரு பப்ஸ்கூட வாங்குனதில்ல" என்று முடித்தார். நீங்கள் கைதட்டினீர்கள்.

நான் கை கழுவப் போய்விட்டேன். அப்படியே பஸ் ஏறியும் போய்விட்டேன். ஏன் சொல்லாமல் போனாய் என்று நாலைந்து பேர் கேட்டீர்கள். இதோ எழுதுகிறேன். படிக்க இனிப்பாக இருக்காது.

கேரளத்து வண்டன்மேட்டிலிருந்து உடும்பஞ்சோலைப் பக்கம் போகும் வழியில் ஒரு ஏலக்காய்த் தோட்டம். அங்கே அப்பா கண்டக்டர். பஸ் கண்டக்டர் இல்லை. காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து, பின்னாலேயே நின்று வேலை வாங்கும் உத்தியோகம். எங்களுக்குத் தகரக் கூரை போட்ட ஒரு குவார்ட்டர்ஸ் உண்டு. அதற்குக் கொஞ்சம் கீழே ஸ்டோர், அதாவது பச்சைக் காயை இரவும் பகலும் விறகு எரித்து உலர்த்தும் கட்டடம். எங்கள் துணி, தலைமுடி, சோறு எல்லாவற்றிலும் புகையும் ஏலக்காயும் கலந்த வாசனை இருக்கும். வெளியூர்க்காரர்கள் அதை வாசனை என்பார்கள். எங்களுக்கு அது தலைவலி.

அக்காவுக்குப் பதினாறு, எனக்குப் பதினாலு. அந்த வருஷம் ஜூனில் வரும் இடவப்பாதி மழை ஆரம்பித்த முதல் வாரம், தோட்டத்து கிளப்பில் யாரோ ஒரு பேங்க் அதிகாரி வந்து பேசினாராம். வளர்ந்த பிள்ளைகள் கையில் காசைக் கொடுத்து, அவர்களையே செலவு பண்ண விடுங்கள், அப்போதுதான் பொறுப்பு வரும் என்றாராம். நல்ல பேச்சுதான். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்று நான் சொல்வதும் அதையேதான். ஆனால் அந்தப் பேச்சு மழையில் நனைந்து வீடு வந்து சேர்வதற்குள் அப்பாவின் கையில் வேறு ஒன்றாக மாறியிருந்தது.

எங்கள் இருவரையும் நிற்க வைத்தார். இனி வாராவாரம் இவ்வளவுதான் என்று ஆளுக்கு ஒரு ஐந்து ரூபாய் நோட்டைக் கொடுத்தார். காலையில் ஆட்களிடம் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"சோறும் துணியும் நான் போடுவேன். மத்த எல்லாம் இதுலதேன். பஸ்சு, சோப்பு, பேனா, மசுரு, மண்ணாங்கட்டி எல்லாம். ஞாயித்துக்கெழம யாரு கையில எம்புட்டு மிச்சம்னு பாப்பேன். மிச்சம் புடிச்சவ பொழைக்கத் தெரிஞ்சவ. மத்தவ ஊதாரி."

அக்கா நோட்டை இரண்டாக மடித்துப் பவுடர் டப்பாவில் வைத்தாள். நான் மறுநாளே பள்ளிக்கூடத்துக்கு எதிரில் பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, வாங்கித் தின்றேன். சுடச்சுட, எண்ணெய் காகிதத்தில் ஊற, மழையைப் பார்த்துக்கொண்டே தின்றேன். அக்காவிடம் பாதியை நீட்டினேன். அவள் அந்தக் காகிதத்தையே பார்த்தாள். "எனக்கு வேணாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் விசாரணை. அப்பா பெஞ்சில், நாங்கள் அவருக்கு முன்னால். அம்மா அடுக்களை வாசலில் நின்று புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருப்பாள். சம்பளம் கேட்க வந்த ஆட்கள் முற்றத்தில் சாக்குக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு நனைந்தபடி நிற்பார்கள். அவர்கள் காதில் விழவேண்டும் என்றுதான் அப்பா சத்தமாகக் கேட்பார். முதல் வாரம் என்னிடம் ஆரம்பித்தார்.

"பழத்துக்கு எம்புட்டு?"

சொன்னேன்.

"சத்தமாச் சொல்லு."

சத்தமாகச் சொன்னேன். ஆட்களில் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மகள் என் வகுப்பில் படித்தாள்.

அக்காவின் முறை வந்தபோது அவள் பஸ்ஸுக்கே செலவு பண்ணவில்லை என்று தெரிந்தது. காட்டுவழியாக நடந்து போயிருக்கிறாள், நடந்தே திரும்பியிருக்கிறாள். அப்பா எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார். அதற்கு முன் அவர் எங்கள் இருவரில் யாரையும் அப்படித் தொட்டதாக எனக்கு நினைவில்லை. அக்காவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அந்தக் கைக்காக அவள் எதையும் செய்வாள் என்று இப்போது புரிகிறது. அன்று எனக்கு அவளைப் பிடித்துத் தள்ளவேண்டும் போலிருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் தூங்கிய இரண்டு எதிரிகள். அவள் தன் சோப்பைத் தொடாமல் என் சோப்பில் குளித்தாள். நான் என் பேனா மையை ஒளித்து வைத்தேன். தலைக்கு எண்ணெய் வைக்கும்போது ஒருத்தி கையை இன்னொருத்தி பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் சீப்புக்காகச் சண்டை வந்து என் கன்னத்தில் நகம் பதிந்தது. அப்பா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. போட்டி இருந்தால்தான் பிள்ளைகள் உருப்படும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. காட்டுவழி எங்கும் அட்டை. ஏலச்செடி உரசினால் கணுக்காலில் நாலு ஏறியிருக்கும். உப்புத்துணியால் தட்டிவிட்டால் உதிரும், ரத்தம் மட்டும் நிற்காது. நானும் சில வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். பழம்பொரிக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அப்படிச் சேர்த்த காசில் டவுனில் ஒரு மலையாளச் சேட்டன் கடையில் பிளாஸ்டிக் ஷூ வாங்கினேன். கறுப்பு நிறம், கணுக்காலுக்கு மேலே ஏறும், உள்ளே வெள்ளைத் துணி ஒட்டியிருக்கும். அதைப் போட்டுக்கொண்டு சேற்றில் நடந்தபோது சளக் சளக்கென்று ஒரு சத்தம் வரும். எனக்கு அந்தச் சத்தம் அவ்வளவு பிடித்திருந்தது. என் புத்தியால், என் காசால், எனக்கு வேண்டியதை வாங்கியிருக்கிறேன் என்ற கர்வம். அந்த பேங்க் அதிகாரி பார்த்திருந்தால் என்னைத்தான் மெச்சியிருப்பார்.

அப்பா ஷூவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"வெள்ளக்காரிச்சி மாதிரி ஷூ கேக்குதோ மகாராணிக்கு?"

"அட்ட கடிக்குதுப்பா."

"இங்கெ இருக்கிற அம்புட்டுப் பேரையும்தேன் கடிக்குது. அவளப் பாரு. செருப்பு வார் அந்துபோச்சு, ஊக்கு குத்தி ஓட்டுறா. உன்னாட்டம் கடைக்கா ஓடுனா?"

அக்காவின் ரப்பர் செருப்பில் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வார் பிய்ந்திருந்தது. அடியில் ஊக்கை மாட்டி இழுத்துப் பிடித்திருந்தாள். அப்பா அந்தச் செருப்பையும் எடுத்து முற்றத்தில் நின்ற ஆட்களிடம் காட்டினார். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே அவர்கள் சிரித்தார்கள்.

பிறகு என்னையும் ஷூவையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனார். சேட்டன் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்டக்டர் சாரே, பெண்குட்டி காலில போட்டு நடந்த சாதனம் இது. எங்ஙனெ திரும்ப எடுக்கும்?"

"எடுத்துத்தான் ஆகணும். எங்காளுக அம்புட்டுப் பேரும் உங்கிட்டதேன் சாமான் வாங்குறான்."

சேட்டன் ஷூவை அலமாரியில் வைத்தார். பிறகு கல்லாவைத் திறந்தார். காசை அப்பாவிடம் கொடுத்துவிட்டு என்னைக் காட்டிச் சொன்னார்: "மழைக்காலத்து குட்டிக்கு இது வேணும் சாரே. வேண்டாத்த செலவு அல்ல." ஒரு கடைக்காரருக்குத் தெரிந்தது பெற்ற அப்பாவுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தக் காசை அப்பா அக்காவின் கையில் கொடுத்தார். பரிசு.

இதை எழுதும்போது இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நீங்களே கேட்பீர்கள். அந்த வருஷம் ஏலத்தில் காய்க்கு விலை விழுந்துவிட்டது. ஆட்களைக் குறைக்கச் சொல்லி முதலாளி சொல்லியிருக்கிறார். குறைக்கப்படுகிறவர்களில் தானும் ஒருவனாக இருப்போமோ என்று அப்பா பயந்துகொண்டே இருந்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை. அதே மாதங்களில் கிளப்பில் மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டாடினார், மேனேஜர் புகைக்கிற அதே சிகரெட்டை வாங்கிப் புகைத்தார். இதெல்லாம் பல வருஷம் கழித்து அம்மா சொல்லித் தெரிந்தது. பயந்த மனுஷன் என்று எனக்கும் இரக்கம் வந்தது. கொஞ்சம் வந்தது, அதோடு நின்றுவிட்டது.

அம்மாவின் தம்பி மனைவிக்குப் பிரசவம் என்று அம்மா போடிக்குப் போனாள். வீட்டில் நாங்கள் மூவர். அக்கா நொண்டி நடப்பதை முதலில் நான்தான் பார்த்தேன். கேட்டால் "சுளுக்கு" என்றாள். ராத்திரி பாயில் படுத்தால் ஒரு நாற்றம் வந்தது. ஈரத்துணி நாற்றம் என்றாள். பவுடரை அள்ளிக் காலில் கொட்டிக்கொண்டாள். ஏலக்காய்ப் புகைக்குள்ளும் அந்த நாற்றம் தனியாகத் தெரிந்தது. ஒரு காலை அவள் செருப்பு மாட்டும்போது பார்த்துவிட்டேன். ஊக்கு வளைந்து, துருப்பிடித்த முனை மேலே எட்டிப் பார்த்தது. விரல் இடுக்கில் அட்டை கடித்த புண்ணும் ஊக்கு குத்திய புண்ணும் ஒன்றாகி, இரண்டாவது விரல் கறுத்து வீங்கியிருந்தது.

"தோட்டத்துக் கம்பவுண்டர்கிட்ட போ."

"அவரு ஊசிக்குக் காசு கேப்பாரு. தானா ஆறிரும். அப்பாகிட்ட சொன்னீனா கொன்னுருவேன்."

சொன்னேன். அவள்மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் அந்த விரலைப் பார்த்தபின் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தார்.

"அக்கா காலு அழுகிப் போச்சுப்பா."

"அழுகிப் போச்சா? நேத்து பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான போனா?"

"நொண்டிக்கிட்டுத்தான் போனா."

"அவ செயிக்கிறது உனக்குப் பொறுக்கல. பொறாம. போடி."

பிறகு அக்காவைக் கூப்பிட்டார். "காலு வலிக்குதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவள் காலைத் தரையில் நன்றாக ஊன்றி நின்று, "இல்லப்பா" என்றாள். வலியில் அவள் மேலுதடு வியர்த்திருந்தது. அப்பா அதைப் பார்க்கவில்லை. "பாத்தியா?" என்று என்னைத்தான் பார்த்தார்.

அம்மா திரும்பி வந்த அன்று அக்கா காய்ச்சலில் கிடந்தாள். பையை வாசலில் வைத்ததும் அம்மாவுக்கு நாற்றம் தெரிந்துவிட்டது. "என்ன செத்துக் கிடக்கு வீட்டுக்குள்ள?" என்று கேட்டபடி வந்தவள், போர்வையை இழுத்துப் பார்த்தாள். கத்தவில்லை. தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டோருக்கு ஓடினாள். கண்டக்டர் வீட்டம்மா அப்படிப் பட்டப்பகலில் ஓடி யாரும் பார்த்ததில்லை. காய் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஜீப்பின் முன்னால் போய் நின்றாள்.

"மூட்டைய இறக்கு."

"கண்டக்டர்கிட்ட கேக்கணுமே அக்கா" என்றார் டிரைவர்.

"நாஞ் சொல்றேன். இறக்கு."

மலை இறங்கி கம்பத்துக்குப் போனோம். வளைவுக்கு வளைவு அக்காவின் தலை என் மடியில் உருண்டது. இருவரும் எதிரிகளாகிப் பல வாரம் ஆகியிருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், நானும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தவுடன் சொல்லிவிட்டார். சீழ் எலும்புக்கு இறங்கிவிட்டது, விரலை எடுத்தால் பாதம் தப்பும், தள்ளிப்போட்டால் பாதமும் போகும். அம்மா அக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "எடுத்துருங்க" என்றாள்.

அப்பா பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். எங்கள் யாரையும் பார்க்காமல் அக்காவிடம் கோபப்பட்டார்.

"ஏண்டி, ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதான? மருந்துக்குமா நான் கணக்குப் பாத்தேன்?"

அக்காவுக்கு நாக்கு குழறியது. இருந்தும் தெளிவாகச் சொன்னாள்.

"எல்லாம் இதுலதேன்னு நீங்கதானப்பா சொன்னீங்க." பிறகு, "டப்பாவுல காசு இருக்குப்பா. ஆசுபத்திரிக்கு எடுத்துக்கங்க" என்றாள்.

அந்த இடத்தில் வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் அழுதிருப்பார் என்று நான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் அப்பா மறுநாள் மலையேறிப் போய் அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து, அதிலிருந்ததை ஆஸ்பத்திரியில் கட்டினார். ஷூவைத் திருப்பிக் கொடுத்து வாங்கிய காசும் அதில்தான் இருந்தது. எல்லாம் சேர்ந்து ஒருநாள் ஊசி மருந்துக்குக்கூடப் போதவில்லை.

அதைப் பார்த்துவிட்டுத்தான் அம்மா பேசினாள். வராந்தாவில் நர்சுகள் போய்வரும் இடத்தில் நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"இனிமே எம்பிள்ளைகளுக்கு நீங்க ஒண்ணும் படிச்சுக் குடுக்க வேணாம்."

"நீ படிச்சுக் குடுப்பியோ? ஏதுடி காசு உனக்கு?"

அம்மா திரும்பி அக்காவின் கட்டிலுக்குப் போனாள். ஊர் திரும்பிய அடுத்த வாரம் ஸ்டோரில் காய் பிரிக்கிற பெண்களோடு போய் உட்கார்ந்துவிட்டாள். உலர்ந்த காயைக் குவியலாகக் கொட்டியிருப்பார்கள். பச்சை, வெளுத்தது, வெடித்தது என்று விரலாலேயே தரம் பிரிக்க வேண்டும். கண்டக்டர் பெண்டாட்டி கூலிக்கு வந்துவிட்டாள் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. மேனேஜர் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அப்பா வீட்டில் சோற்றுத் தட்டைத் தூக்கி முற்றத்தில் எறிந்தார். அம்மா அதைப் பொறுக்கிக் கழுவி வைத்துவிட்டு மறுநாளும் போனாள்.

கூலியை அடுக்களை அலமாரியில், மிளகாய்த் தூள் பக்கத்தில் மூடாத ஒரு கிண்ணத்தில் போட்டாள். "வேணுங்கிறத எடுத்துக்கங்க. எங்கிட்ட சொல்லணும்னு இல்ல. கிண்ணம் காலியானா மட்டும் சொல்லுங்க" என்றாள். எதையாவது வாங்கட்டுமா என்று நான் போய்க் கேட்டால் திரும்ப ஒரே ஒரு கேள்வி கேட்பாள். "அது இல்லேன்னா உனக்கு என்ன ஆகும்?" குத்தலாகக் கேட்கமாட்டாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பாள். யோசித்துப் பதில் சொல்லவேண்டும். ஒன்றும் ஆகாது என்று நானே ஒத்துக்கொண்டு பல சாமான்களை வாங்காமல் விட்டிருக்கிறேன். "ஒண்ணும் ஆகாது, ஆனா ஆசையா இருக்கு" என்றால், "சரி, எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா" என்பாள். அந்தக் கிண்ணம் ஒருநாளும் காலியாகவில்லை. எனக்குச் செலவு செய்யத் தெரிந்தது அங்கேதான்.

அக்காவுக்கு அது எளிதில் வரவில்லை. அவள் அந்த வருஷம் முழுக்கக் கிண்ணத்தைத் தொடவே இல்லை. புதுச் செருப்பை அம்மாதான் வாங்கி வந்து காலில் மாட்டிவிட வேண்டியிருந்தது. அப்பாவின் முன்னால் வந்தால் அவள் இடது காலை வலது காலுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வாள். அப்பாவும் அந்தப் பக்கம் பார்க்காமல் பேசப் பழகிவிட்டார். ஒருநாளாவது, என் தப்பு என்று சொன்னாரா? இல்லை. "சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல" என்பதைத்தான் வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார்.

சில வருஷம் கழித்து போடிப் பக்கம் அக்காவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயத்தில் அப்பா வாய் ஓயாமல் பேசினார். எம்பொண்ணு ஒரு பைசாவை வீணாக்கமாட்டாள், சின்ன வயசிலேயே நான் அப்படிப் பழக்கிவிட்டேன் என்றார். விரலைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அவர்களிடம் சொல்லிவிட்டாரா என்று அம்மா கேட்டதற்கு, எல்லாம் சொல்லியாயிற்று என்று பொய் சொன்னார். அது கல்யாணத்தன்று காலையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவரே அக்காவிடம் வந்து, "மெட்டி போடும்போது எடது கால நீட்டாத. ஒரு கால்ல போட்டாப் போதும்னு சொல்லிக்கிறேன்" என்றார்.

முகூர்த்தத்தில் அக்கா அம்மியில் வலது காலை வைத்தாள். மாப்பிள்ளை குனிந்து மெட்டியைப் போட்டார். அடுத்த காலுக்காகக் கை நீட்டினார். அக்காவின் சேலைக் கரை அசையவில்லை.

"மத்தக் கால வையி தாயி" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

பின்னாலிருந்து அப்பா அவசரமாக, "விடுங்க சம்மந்தி, தோட்டத்துல கல்லு விழுந்து சின்னதா ஒரு அடி. ஒரு கால் போதும்" என்றார்.

அக்கா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கி, இடது காலைத் தானே எடுத்து அம்மிமேல் வைத்தாள். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் விரல் இருந்த இடம் வழவழவென்று மூடியிருந்தது. மேளம் அடித்தவர்கூட நிறுத்திவிட்டார்.

"விரலு எங்க தாயி?"

"எங்கப்பா எனக்குச் சிக்கனம் படிச்சுக் குடுத்தாரு அத்தே. அதுல போயிருச்சு."

மாப்பிள்ளையின் அம்மா எங்கள் அப்பாவைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் எழுந்திருக்கவில்லை. அந்த மெட்டியை அடுத்த விரலில் மாட்டினார். விரல் சின்னது, மெட்டி கழன்றது. இரண்டு விரலால் அழுத்தி இறுக்கிவிட்டு, "வலிக்குதா?" என்று கேட்டார். அக்கா இல்லை என்று தலையாட்டினாள். ஒரு முறை இல்லப்பா என்று அவள் சொன்னதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரிந்தது. இது உண்மை.

அப்பா மண்டபத்தை விட்டு வெளியே போனார். எதிரில் நிறுத்தியிருந்த வேனில் ஏறித் தனியாக உட்கார்ந்துகொண்டார். பந்தி ஆரம்பித்தது. அம்மா ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துக் கையைப் பற்றிக் கூட்டிவந்து இலைமுன் உட்கார வைத்தாள். டிரைவர்களை, மேளக்காரர்களை, பாத்திரம் கழுவ வந்தவர்களைக்கூட விடவில்லை. ஜன்னல் வழியாக வேன் நன்றாகத் தெரிந்தது. அதில் இருந்தவரை அம்மா கூப்பிடவில்லை. அக்கா கூப்பிடவில்லை. நான் என் இலையில் பாயசத்தை இரண்டாவது தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.